உள்ளாட்சித் தேர்தலின் ஓட்டுக் கணக்கைச் சட்டத்தில் எழுதுங்கள்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மாநிலத் தேர்தல் ஆணையருக்கும் வணக்கம்.

ஹரியானாவின் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாக்கு என்று ஓர் ஊர். 2022 நவம்பர் 2-ஆம் தேதி அங்கே ஊராட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. 65 முதல் 70 வரை எண்ணிட்ட ஆறு வாக்குச்சாவடிகள். ஒருவர் வென்றதாக அறிவித்தார்கள். தோற்றவர் 69-ஆம் சாவடியின் கணக்கு தவறு என்று வழக்குப் போட்டார். தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று அலைந்து வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இயந்திரங்களை டெல்லிக்கே வரவழைத்து, 2025 ஆகஸ்ட் 6 அன்று, நீதிமன்ற அதிகாரி முன்னிலையில் வீடியோ பதிவோடு மறுபடி எண்ணினார்கள். பதிவான 3,767 ஓட்டில், தோற்றதாகச் சொல்லப்பட்டவருக்கு 1,051. தலைவராக இருந்தவருக்கு 1,000. ஆகஸ்ட் 11 அன்று உத்தரவு வந்தது. அதற்குள் ஐந்தாண்டுப் பதவியில் ஏறத்தாழ மூன்றாண்டு கரைந்துவிட்டது.

இயந்திரத்துக்குள் இருந்த எண் வேறு, அறிவிக்கப்பட்ட எண் வேறு. இயந்திரம் அழிக்கப்படாமல் இருந்ததால்தான் அந்த மனிதருக்கு நீதி கிடைத்தது. அடுத்த தேர்தலுக்கு வேண்டும் என்று யாராவது அதைத் துடைத்திருந்தால், எந்த நீதிமன்றமும் எதையும் எண்ணியிருக்க முடியாது.

எங்கள் கோரிக்கை இதிலிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எண்ணிக்கை எழுதப்பட வேண்டும். அதன் நகல் எல்லா வேட்பாளர்களின் முகவர்களிடமும் அப்போதே கொடுக்கப்பட வேண்டும். சரிபார்க்க உதவும் பொருள் வழக்கு முடியும்வரை அழியாமல் இருக்க வேண்டும். இவற்றைக் கையேட்டிலும் சுற்றறிக்கையிலும் விட்டுவைக்காமல் சட்டத்திலும் விதியிலும் எழுதுங்கள்.

அதற்கான அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 243-கே, 243-இசட்ஏ பிரிவுகள் உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கின்றன. அதற்கான சட்டத்தை இயற்றும் பொறுப்பை மாநிலச் சட்டமன்றத்துக்குத் தருகின்றன. நாடாளுமன்றம் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் செய்யும் எந்தத் திருத்தமும் தானாக ஊராட்சித் தேர்தலுக்கு வந்துவிடாது. இங்கே பேசுவது 1994 ஊராட்சிகள் சட்டம், 1995 தேர்தல் விதிகள், 1998 நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அதன்கீழ் வந்த 2023 விதிகள் ஆகியவைதான். 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அத்தனை காத்திருப்புக்குப் பிறகு மக்கள் போடும் ஓட்டு, ஒரு கூட்டல் பிழையில் தொலையக் கூடாது.

முதலில் நகர்ப்புறம். 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 489 பேரூராட்சிகளுக்கு நடந்த தேர்தலில் மின்னணு இயந்திரம் இருந்தது, போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் இல்லை. சட்டமன்றத் தேர்தலில் தான் போட்ட சின்னத்தைச் சீட்டில் ஏழு விநாடி பார்த்துவிட்டு வரும் அதே வாக்காளர், தன் தெருவின் வார்டு தேர்தலில் பீப் சத்தத்தை மட்டும் நம்பி வெளியே வந்தார். மறு எண்ணிக்கை கேட்டால் அதே பொத்தானை மறுபடி அழுத்தி, அதே எண்ணைக் காட்டுவார்கள். புவானா லாக்குவில் நடந்ததுபோல் எழுதியதில் தவறு இருந்தால் இது பிடித்துக் கொடுக்கும். காலையில் சோதனைக்காகப் போட்ட மாதிரி ஓட்டை அழிக்க மறந்தது, இயந்திரத்தில் சின்னங்களின் வரிசை மாறியது போன்றவற்றுக்கு இது உதவாது.

மகாராஷ்டிரத்தின் மாநிலத் தேர்தல் ஆணையம், ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர் என்பதை விவிபேட் வைக்காததற்குக் காரணமாகச் சொன்னது. தமிழ்நாட்டுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. நகரத்தில் ஒரு வார்டுக்கு ஓர் உறுப்பினர். மேயரும் நகராட்சித் தலைவரும் மறைமுகத் தேர்தலில் வருகிறார்கள். ஆக, ஒரு வாக்காளர் போடுவது ஒரே ஓட்டு. பேரூராட்சியின் பல வார்டுகளில் வார்டுக்கு ஒரு சாவடிதான் இருக்கும், சில நூறு ஓட்டுதான் விழும். அந்தச் சீட்டுகளை முழுக்க எண்ண ஒரு மேஜைக்கு ஒரு மணி நேரம் போதும். உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் நூறு சதவீதச் சீட்டு எண்ணிக்கைக் கோரிக்கையை ஏற்கவில்லை என்பது உண்மை. அது நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலின் அளவை வைத்துப் பேசிய வழக்கு. ஒற்றைச் சாவடி வார்டில் எல்லாச் சீட்டையும், பல சாவடி உள்ள வார்டில் குலுக்கலில் வரும் ஒரு சாவடியின் எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்று உங்கள் விதியில் எழுத எந்தத் தடையும் இல்லை. சீட்டுக்கும் இயந்திரத்துக்கும் முரண்பட்டால் எந்த எண் செல்லும் என்பதையும் அதே விதியில் சொல்லிவிடுங்கள். சீட்டுதான் செல்ல வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. விவிபேட் வாங்க முடியாது என்றால் நகரத்துக்கும் ஓட்டுச்சீட்டைக் கொண்டுவாருங்கள். சரிபார்க்க எதுவுமே இல்லாத இயந்திரம் மட்டும் வேண்டாம்.

மாதிரி ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் முகவர்கள் முன்னால் 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து, 'ரிசல்ட்' காட்டி, 'கிளியர்' அழுத்தி, 'டோட்டல்' பூஜ்யம் என்று காட்டிவிட்டுத்தான் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். ஆறரை மணிக்கு முகவர்கள் தாமதமாக வருவார்கள், வெளியே வரிசை நிற்கும், அவசரத்தில் 'கிளியர்' விட்டுப்போகும். மாலையில் பதிவேட்டில் 683 கையெழுத்து, இயந்திரத்தில் 733. வித்தியாசம் சரியாக 50 என்றால் காரணம் தெளிவு. ஆனால் எந்தச் சின்னத்துக்கு எத்தனை மாதிரி ஓட்டு விழுந்தது என்று காலையிலேயே எழுதி முகவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அந்த 50-ஐக் கழிக்க முடியும். இயந்திரத்தின் கடிகாரம் காட்டும் நேரத்தையும் கைக்கடிகார நேரத்தையும் அதே தாளில் எழுத வைத்துவிட்டால், "ராத்திரி பத்து மணிக்கு ஓட்டு ஏறியிருக்கிறது" என்று பின்னால் வரும் பாதிப் புகார்களுக்கு அந்தத் தாளே பதில் சொல்லும். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் திரும்பியவர் ஒருவர் இருந்தாலும் கணக்கு ஒன்று உதைக்கும். அதைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராகவே குறிக்க வேண்டும், சாயங்காலம் நினைவிலிருந்து எழுதக் கூடாது.

இனி கிராமம். வேலை அதிகமும் சிக்கல் அதிகமும் இங்கேதான்.

ஒரு வாக்காளருக்கு நான்கு சீட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒரு வார்டுக்கு நீலம். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கும் பெட்டிக்குள் கலந்துதான் விழும். ஆகவே ஒரு சாவடிக்கு ஒரு கணக்கு போதாது. நிறத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். வந்த சீட்டின் வரிசை எண் எதிலிருந்து எதுவரை, வாக்காளருக்குக் கொடுத்தது எத்தனை, கெட்டுப்போய் ரத்தானது எத்தனை, டெண்டர் ஓட்டுக்கு (தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதாகச் சொல்பவருக்குத் தரும் தனிச்சீட்டு) போனது எத்தனை, அடிக்கட்டையோடு மிஞ்சியது எத்தனை. இரண்டு வார்டுச் சாவடியில் வெள்ளையையும் நீலத்தையும் மாற்றிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கக்கூடியது. வாக்காளர் பட்டியலில் அடையாளம் காண்பவரும் சீட்டுக் கிழிப்பவரும் வெவ்வேறு ஆட்கள். முதலாமவர் வார்டு எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை என்றால் இரண்டாமவர் கைக்கு எது வருகிறதோ அதைக் கிழிப்பார். வார்டுக்கு ஒரு நிறத்தில் சிறு துண்டுச்சீட்டை முதல் மேஜையிலேயே கொடுத்தனுப்பினால் இந்தப் பிழை பெருமளவு நின்றுவிடும்.

மாலையில் கணக்குப் பார்க்கும்போது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து 612. இளஞ்சிவப்பு 612, வெள்ளை 612, மஞ்சள் 612 கொடுக்கப்பட்டது. பச்சையும் 612 கொடுக்கப்பட்டது. எண்ணும் மையத்தில் பெட்டியைத் திறந்தால் மற்ற மூன்றும் 612, இளஞ்சிவப்பு மட்டும் 611. "ஒன்றுதானே, யாராவது பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள்" என்று எழுதிவிட்டு மேலே போவார்கள். அந்த ஒன்றை அப்படி விடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது.

காசு கொடுத்து ஓட்டு வாங்குபவருக்கு ஒரே கவலை, காசு வாங்கியவர் சொன்னபடி போட்டாரா என்பது. அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. முதலில் போகும் ஆள் தலைவருக்கான சீட்டைப் பெட்டியில் போடாமல் வெறுமையாகவே மடித்து வெளியே எடுத்து வருகிறார். வெளியே இருப்பவர் அதில் தனக்கு வேண்டிய சின்னத்தில் முத்திரை குத்தி அடுத்த ஆளிடம் தருகிறார். அவர் உள்ளே போய், குத்தப்பட்ட சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, தனக்குக் கொடுத்த வெற்றுச்சீட்டை வெளியே கொண்டுவருகிறார். வெற்றுச்சீட்டைக் கொடுத்தால் காசு. இப்படியே சங்கிலியாக நாற்பது பேர் போனாலும், ஐம்பது பேர் போனாலும், நாள் முடிவில் பெட்டியில் குறைவது ஒரே ஒரு சீட்டு. கடைசி ஆள் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டால் அந்த ஒன்றும் குறையாது. அதனால் எண்ணும் மையத்தில் இதைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. சாவடியிலேயே தடுக்க வேண்டும். சீட்டின் வரிசை எண்ணை மடிப்புக்கு வெளியே தெரியும் இடத்தில் அச்சிடுங்கள். சீட்டுக் கொடுக்கும்போது அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி வாக்காளரிடம் தரட்டும். பெட்டியருகே இருக்கும் அலுவலர் மடித்த சீட்டைத் தொடாமல், பிரிக்காமல், எண் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போடச் சொல்லட்டும். துண்டை அங்கேயே கிழித்துவிடட்டும். எந்தச் சின்னம் என்பது அவர் கண்ணில் படாது, ரகசியம் கெடாது. வெளியே முத்திரை குத்தப்பட்ட சீட்டு உள்ளே வர வழியில்லாமல் போகும். நான்கு சீட்டுக்கும் செய்வது தாமதம் என்றால், பணம் அதிகம் புழங்கும் தலைவர் சீட்டுக்கு மட்டுமாவது செய்யலாம். கைபேசியைச் சாவடி வாசலிலேயே வாங்கி வைப்பதும் இதோடு சேர வேண்டும். முத்திரை குத்திய சீட்டைப் படமெடுத்துக் காட்டிக் காசு வாங்க முடிந்தால் சங்கிலியே தேவைப்படாது.

எண்ணும் மேஜைக்கு வருவோம். பெட்டியைக் கொட்டி, நிறம் பிரித்து, 50 சீட்டுக்கு ஒரு கட்டாகக் கட்டிய பிறகுதான் வேட்பாளர்வாரியாகப் பிரிக்கிறார்கள். கட்டும்போது ஒரு கட்டில் 49 அல்லது 51 விழுந்தால், கட்டுகளை எண்ணிப் பெருக்கும் கணக்கு கடைசிவரை தப்பாகவே போகும். ஒருவர் எண்ணிய கட்டை இன்னொருவர் எண்ணி இருவரும் மேல்தாளில் சுருக்கொப்பம் இடுவதுதான் இதற்கு மருந்து. ஊராட்சி வார்டில் இரண்டு மூன்று ஓட்டில் முடிவு மாறும், சமமாகிக் குலுக்கலுக்கும் போகும். அங்கே ஒரு கட்டின் பிழையே ஒரு தேர்தலின் முடிவு.

செல்லாத ஓட்டில்தான் சண்டை அதிகம். சீட்டை மை காயுமுன் மடித்தால் முத்திரை எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, இரண்டு சின்னத்தில் குத்தியது போலத் தெரியும். முத்திரையில் இருக்கும் அம்புச் சுழியை அப்படி வடிவமைத்ததே இதற்காகத்தான். குத்தியதில் அது ஒரு பக்கம் சுழன்றிருக்கும், மடிப்பில் ஒட்டியதில் எதிர்ப்பக்கம் சுழன்றிருக்கும். பார்க்கத் தெரிந்தவர் எது வாக்காளர் குத்தியது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். இரவு பதினொரு மணிக்கு, களைத்த கண்ணோடு, மங்கலான வெளிச்சத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. "இரண்டு குத்து, செல்லாது" என்று போட்டுவிடுவார். 2020 ஜனவரி 2-ஆம் தேதி தொடங்கிய எண்ணிக்கை பல ஒன்றியங்களில் மறுநாளும் நீண்டது என்பதை நினைவில் வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணும் பணியாளர்கள் மாற வேண்டும், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்க வேண்டும், செல்லாது என்று தள்ளும் ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் காரணத்தை எழுதி முகவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று விதி சொல்லட்டும். சாவடி அலுவலர் பின்பக்கக் கையெழுத்தை மறந்த சீட்டைத் தள்ளுவது வாக்காளருக்குச் செய்யும் அநியாயம். அலுவலரின் தவறுக்காகச் சீட்டைத் தள்ளக் கூடாது என்று 1961 தேர்தல் நடத்தை விதிகள் சொல்கின்றன. உள்ளாட்சி விதியிலும் அந்த வாசகம் ஐயத்துக்கு இடமின்றி இருக்கட்டும்.

முடிவுத்தாளில் கடைசி எண்ணை எழுதியதும் அறிவித்துவிடக் கூடாது. மறு எண்ணிக்கை கேட்பவர் அறிவிப்புக்கு முன்பே எழுத்துமூலம் கேட்க வேண்டியிருப்பதால், அறிவிப்பை அவசரப்படுத்தினால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். சாவடிவாரி எண்களை ஒலிபெருக்கியில் படித்து, நகல் கொடுத்து, அதன்பின் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். புவானா லாக்கு வழக்கு அந்த முப்பது நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய வழக்கு. மறு எண்ணிக்கையை மறுத்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அன்றிரவே சாவடிவாரிக் கணக்குத்தாளின் படம் ஆணையத்தின் இணையதளத்தில் ஏற வேண்டும்.

மறைமுகத் தேர்தலுக்குச் சண்டிகர் ஒரு பாடம். 2024 ஜனவரி 30 மேயர் தேர்தலில் 36 ஓட்டு. தேர்தல் நடத்திய அதிகாரி ஒரு தரப்பின் எட்டுச் சீட்டைச் செல்லாது என்று தள்ளினார். 20 ஓட்டு இருந்த தரப்பு 12-க்குச் சுருங்கி, 16 இருந்த தரப்பு வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த அதிகாரி தானே சீட்டுகளில் கோடு போட்டது கேமராவில் பதிவாகியிருந்தது. பிப்ரவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, தோற்றதாகச் சொல்லப்பட்டவரையே மேயராக அறிவித்தது. 36 பேர் போடும் தேர்தலில் சீட்டுகளை மேஜை மேல் விரித்து வைத்து எல்லாருக்கும் காட்டிவிட்டு எண்ணுவதில் என்ன சிரமம்? மேயர், நகராட்சித் தலைவர், ஒன்றியத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர் தேர்தல்களுக்கு, மேஜைக்கு நேர் மேலே ஒரு கேமராவும், தேர்தல் அதிகாரியின் கையில் பேனா இல்லாமல் எண்ணும் முறையும் சட்டமாக வேண்டும்.

கேமராவை வைத்தால் போதாது, பதிவும் நிலைக்க வேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையம் 2025 மே 30 அன்று, வழக்கு வராவிட்டால் 45 நாளில் காட்சிப் பதிவுகளை அழிக்கலாம் என்று அறிவுறுத்தியது. தேர்தல் மனுவுக்கான கெடுவும் அதே 45 நாள். நாற்பத்து நான்காம் நாள் மாலை மனு போட்டால், அந்தத் தகவல் எண்ணும் மையத்தின் ஹார்டுடிஸ்க்கை வைத்திருக்கும் அலுவலருக்கு எப்போது போய்ச் சேரும்? நீங்கள் அதைப் பின்பற்றாதீர்கள். ஓராண்டு, அல்லது வழக்கு இருந்தால் மேல்முறையீடு முடியும்வரை என்று எழுதுங்கள். செலவு பெரிதல்ல. விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா ஒரு நாளில் எழுதுவது சுமார் 22 ஜிபி. 20 கேமரா, இரண்டு நாள் என்றாலும் ஒரு டெராபைட் ஹார்டுடிஸ்க்கில் அடங்கிவிடும். பதிவின் ஹாஷ் எண்ணை (பதிவில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) அன்றே மகஜரில் எழுதி முகவர்களிடம் கொடுத்துவிட்டால் பின்னால் வெட்டி ஒட்டினார்கள் என்ற பேச்சு எழாது. கேமரா தலைகளைக் காட்டிப் பயனில்லை. சீட்டும் கையும் தெரிய வேண்டும்.

கள்ள ஓட்டைப் பொறுத்தவரை வேர் பட்டியலில் இருக்கிறது. உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து வார்டுவாரியாகப் பிரிக்கப்படுவது. அங்கே இருக்கும் இறந்தவர் பெயர் இங்கேயும் வரும், அங்கே தவறாக நீங்கிய உயிரோடிருப்பவர் இங்கேயும் காணாமல் போவார். பிரிக்கும்போது ஒரு தெருவே பக்கத்து வார்டுக்குப் போய்விடுவதும் உண்டு. வராதவர், குடிமாறியவர், இறந்தவர் பட்டியலைச் சாவடிவாரியாக அச்சிட்டு முகவர்களுக்கு முன்கூட்டியே கொடுங்கள். அந்தப் பெயரில் வருபவரிடம் அடையாள ஆவணத்தோடு கைரேகையும் உறுதிமொழியும் வாங்குங்கள். சொந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரை ஆட்சேபிக்க எந்த முகவரும் முன்வர மாட்டார், பகை வரும். ஆகவே ஆட்சேபணையை முகவரின் தலையில் மட்டும் கட்டாமல் அலுவலரின் கடமையாக்குங்கள். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதாகச் சொல்லி டெண்டர் சீட்டு வாங்கியவர்களின் எண்ணிக்கையை முடிவோடு சேர்த்து அறிவியுங்கள். வெற்றி வித்தியாசம் மூன்று, டெண்டர் ஓட்டு ஐந்து என்றால் அந்த ஊருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தபால் ஓட்டுக்கு ராதாபுரம் தொகுதியின் பாடம் போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் மு. அப்பாவு 49 ஓட்டில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியிருந்தார்கள். 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி எண்ணியும், உச்ச நீதிமன்றத் தடையால் அந்த முடிவு வெளிவராமலேயே பதவிக்காலம் முடிந்தது. யார் சான்றொப்பம் இடலாம் என்பதைப் பதவிப் பெயரோடு உள்ளாட்சி விதியிலேயே பட்டியலிட்டு, அதை உறுதிமொழிப் படிவத்தின் பின்பக்கம் அச்சிடுங்கள். தேர்தல் மனுவை ஆறு மாதத்தில் முடிக்க மாவட்ட நீதிபதிக்குக் காலக்கெடு வையுங்கள். ஐந்தாண்டுப் பதவிக்கு மூன்றாண்டு வழக்கு கூடாது.

சாவடியைக் கைப்பற்றுவது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2006 அக்டோபரில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நடந்த வன்முறை உயர் நீதிமன்றம் வரை போய், 2007 பிப்ரவரியில் 155 வார்டுகளில் பலவற்றுக்கு மறுபடி தேர்தல் வைக்க வேண்டியதாயிற்று. ஆள்மாறாட்டத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவில் அதிகபட்சம் ஓராண்டுதான் சிறை. 1951 சட்டத்தின் 135-ஏ பிரிவு சாவடி கைப்பற்றலுக்கு ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரையும், அரசு ஊழியரே செய்தால் மூன்று முதல் ஐந்தாண்டும் விதிக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் அதே தண்டனை அளவு இருக்க வேண்டும்.

தண்டனையும் மனுவின் காலக்கெடுவும் சட்டத் திருத்தத்தில் வர வேண்டியவை. நிறவாரிக் கணக்கு, முப்பது நிமிடம், காட்சிப் பதிவைக் காக்கும் காலம், இயந்திரத்தையும் சீட்டுக் கட்டுகளையும் வழக்கு முடியும்வரை துடைக்காமல், எரிக்காமல் வைப்பது ஆகியவை விதித் திருத்தத்திலேயே முடியும். அரசு நினைத்தால் ஓர் அரசிதழ் அறிவிப்பு போதும். வரைவை முதலில் தமிழில் வெளியிட்டு, முப்பது நாள் கருத்துக் கேளுங்கள். வேட்புமனு தொடங்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பாவது விதி கையில் இருந்தால்தான் சாவடி அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடியிலும் எண்ணும் மேஜையிலும் பணியாற்றிய அலுவலர்கள், முகவர்கள் சிலர்